பதிலுரைக்கு ஐந்து நிமிடம்

இன்றைக்கும் யாராவது மேடையேறி, "தலைவர் அவர்களே" என்று தொண்டையைச் செருமினால் என் கண் அவரைப் பார்க்காது. மேசைமேல் மணி இருக்கிறதா என்று தேடும். பழக்கதோஷம். கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் அந்த மணிக்குப் பயந்து பேசியவன் நான். பரீட்சைக்குப் பயந்ததில்லை, பிரின்ஸிபாலுக்குப் பயந்ததில்லை. உள்ளங்கையால் அழுத்தினால் 'டிங்' என்கிற அந்தப் பித்தளை மணிக்கு மட்டும்தான் பயந்தேன்.

எங்கள் காலத்துச் சொற்போர் இப்போது நடக்கும் கூத்து மாதிரி இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டு உண்டு. முதலில் ஒரு தீர்மானம். அதைக் கொண்டுவருகிறவர் பத்து நிமிடம் பேசுவார். எதிர்க்கிறவருக்கும் அதே பத்து நிமிடம். பிறகு இரண்டு தரப்பிலும் துணைக்குப் பேசுகிறவர்கள், ஆளுக்கு ஏழு நிமிடம். அப்புறம் சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் கை தூக்குகிறவர்களுக்கு மும்மூன்று நிமிடம். அதில் பாதிப் பேர் "எனக்கு முன்னால் பேசிய நண்பர்" என்று ஆரம்பித்து அந்த நண்பரைப் புகழ்ந்தே நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். எல்லாம் ஓய்ந்தபின், தீர்மானம் கொண்டுவந்தவர் மறுபடி எழுந்து ஐந்து நிமிடம் பேசலாம். அதற்குப் பெயர் பதிலுரை. புது வாதம் எதையும் அதில் நுழைக்கக் கூடாது. ஏற்கெனவே வந்ததற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்குப் பதில் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நேரே ஓட்டெடுப்புதான்.

நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மணி ஒரு தரம் அடிக்கும். முடிந்ததும் இரண்டு தரம். இரட்டை மணி அடித்துவிட்டால், வாயில் பாதி வார்த்தை இருந்தாலும் விழுங்கிவிட்டு உட்கார வேண்டும். உட்காராதவனுக்கு மார்க்கும் போகும், மானமும் போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தத் தரப்பில் பேசுவது என்று நாமே முடிவு செய்ய முடியாது. ஒரு வாரம் முன்பே தமிழாசிரியர் அறையில் இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். வந்த தரப்புக்குத்தான் பேச வேண்டும். மனசுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் போட்டியன்று தலைவர் எழுந்தவுடன் முதல் வேலையாக ஒன்று சொல்வார்: "இங்கே பேசுகிறவர்கள் சீட்டில் விழுந்த தரப்புக்காகப் பேசுகிறார்கள். இவை அவர்களுடைய சொந்த அபிப்பிராயம் என்று சபையோர் கொள்ள வேண்டாம்." எழுத ஆரம்பிக்குமுன் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அது. நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கியதே கிடையாது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். அதுவரை கல்லூரிகளுக்கிடையே போட்டி என்றால் இங்கிலீஷில்தான் நடக்கும். அந்த வருஷம் எங்கள் தமிழாசிரியர்கள் மன்றாடி ஒரு தமிழ்ச் சொற்போருக்கு அனுமதி வாங்கினார்கள். ஊர் ஜனங்களும் வந்து கேட்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தீர்மானம் இது: 'பெண் மக்களுக்குப் பள்ளிக்கூடப் படிப்புக்கு மேல் படிப்பு வேண்டியதில்லை என்று இந்தச் சபை கருதுகிறது.' சீட்டை நான் எடுத்தேன். பிரித்தால், 'கொண்டுவருபவர்'. வேண்டியதில்லை என்று பேசுகிற தரப்பு.

வீட்டில் எனக்கு ஒரே தங்கை. அப்போது ஆறாவது பாரம் படித்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். பங்குனியில் பரீட்சை. அதற்குப் பிறகு கல்லூரியில் இன்டர்மீடியட் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். தூங்கும்போதுகூட அதே நினைப்புதான் அவளுக்கு. தீபாவளிக்கு முந்தி அப்பாவிடம் கேட்டபோது, "பாப்பம், பரீட்சை முடியட்டும்" என்றார். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் பாதி சம்மதம். மீதிப் பாதியை நான் வாங்கித் தருகிறேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். "அப்பாகிட்ட நான் பேசுறேன். எம்புட்டு பேரைப் பேசி மடக்கியிருக்கேன், அப்பாவை மடக்க மாட்டேனா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

சீட்டில் வந்ததைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா வேணும்ணே உனக்கு. பேசு, பேசு, நானும் பாக்குறேன்" என்றாள். பிறகு அவளே ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பா கடையில் இருக்கும் சாயங்கால வேளையில், கூடத்தில் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே, ஒரு பித்தளை டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு. எதிர்த்தரப்பும் அவள்தான், மணியடிக்கிறதும் அவள்தான். எதிர்த்தரப்பாகப் பேசினால் என்னைக் கிழித்து எறிவாள். மணியிலும் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு வாக்கியம் மீதியிருக்கிறதே என்று நான் கெஞ்சினால், "டிங் டிங். மணி அடிச்சிருச்சுண்ணே, உக்காரு" என்பாள். அடுப்படியிலிருந்து அம்மா, "டம்ளரை நெளிச்சிறாதடி" என்று கத்துவாள்.

பதிலுரைதான் எனக்குச் சரியாக அமையவில்லை. கடைசி நிமிடத்தில் சபையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி ஒன்று வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் புஸ்தக வாசனை அடித்தது. அவள்தான் கன்னத்தில் கரண்டியை வைத்து யோசித்தாள். எதிர்வீட்டில் ஒரு குமாஸ்தா இருந்தார். படித்த மகளுக்கு மாப்பிள்ளை தேடி அந்த மனிதர் ஊர் ஊராக அலைந்து கொண்டிருந்தார். "அவரு செருப்பைப் பாத்தியாண்ணே? அடியே இல்ல. அதைச் சொல்லு. மக ஒரு வகுப்பு ஏற ஏற அப்பன் செருப்பு ஒரு சுத்துத் தேயும்னு சொல்லு. அவ பட்டம் வாங்குற அன்னைக்கு அப்பன் வெறுங்காலோட நிப்பான்னு முடி. கடைக்காரங்க அம்புட்டு பேரும் கைதட்டுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அடப் பாவிகளா என்று எங்கள் இரண்டு பேரையும் இப்போது உட்காரவைத்துத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். விளக்குத்தூண் பக்கம் அவருக்கு ஜவுளிக்கடை. அந்தத் தெருவில் காலையிலிருந்து இரவு வரை பேரம்தான். ஒரு சேலைக்கு ஏழு விலை சொல்வார்கள். அப்பா மட்டும் 'ஒரே விலை' என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார். சொன்னால் சொன்னதுதான். ஒருதரம் சுங்குடிச் சேலை ஒன்றுக்கு ஞாபகப் பிசகாக விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டார். அந்த விலைக்குக் கொடுக்க வேண்டாம், வந்தவள் போகட்டும் என்று கணக்கப்பிள்ளை காதோடு சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. "வாயிலருந்து வந்திருச்சுல்ல, குடுத்துரு" என்று நஷ்டத்துக்கே கொடுத்தனுப்பினார். அந்த மனிதருக்கு ஒரு வாயில் இரண்டு பேச்சு என்பது விளங்கவே விளங்காது. அவர் பிள்ளையான நான் சீட்டுப் போட்டுப் பார்த்துப் பேசுகிற வித்தையில் கெட்டிக்காரன்.

போட்டியன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். அப்பா கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்து வியாபாரத்தை விட்டு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. தலைவர் வழக்கமான வாசகத்தைச் சொல்லி முடித்தார். நான் பத்து நிமிடம் பேசினேன். எதிர்த்தரப்பில் வெளியூர்க் கல்லூரிப் பையன் ஒருவன், மூக்குக் கண்ணாடி போட்டவன், நிஜமாகவே நன்றாகப் பேசினான். என் தங்கை சொல்வதையெல்லாம் எங்கேயோ ஒட்டுக்கேட்டவன் மாதிரி ஒவ்வொன்றாக அடுக்கினான். சபையில் பேசியவர்களும் அவன் பக்கமே சாய்ந்தார்கள். கோப்பை போச்சு என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

பதிலுரைக்கு என்னைக் கூப்பிட்டபோது பின்வரிசைத் தூணோரம் அப்பா நிற்கிறதைப் பார்த்தேன். அப்போதுதான் வந்திருந்தார். அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அடுத்த கடைப் பாத்திர வியாபாரி. தலைவர் சொன்னதை அவர் கேட்கவில்லை, மூக்குக் கண்ணாடிப் பையன் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் கேட்கப்போவது இந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் என்று ஒரு கணம் எனக்கு உறைத்தது. உறைத்தபின்னும் பேசினேன். பேசியது மட்டுமா, அவருக்காகவே இன்னும் குரலை ஏற்றினேன்.

ஒற்றை மணி அடித்தது. செருப்பை எடுத்தேன். "மகள் ஒரு வகுப்பு ஏற ஏற" என்றதும் கண்ணாடிப் பையன் துள்ளி எழுந்து, பதிலுரையில் புது வாதம் கூடாது என்று ஆட்சேபித்தான். இது வாதமில்லை, உதாரணம்தான் என்று தலைவர் அவனை உட்கார வைத்தார். தூணோரம் நின்ற அப்பாவுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? தன் மகன் ஒரு நியாயத்தைச் சொல்லுகிறான், எவனோ வாயை அடைக்கப் பார்க்கிறான் என்றுதான் பட்டிருக்கும். "பட்டம் வாங்குகிற அன்று அந்த அப்பன் வெறுங்காலோடு நிற்பான்!" என்று நான் முடிக்கவும் இரட்டை மணி அடிக்கவும் சரியாக இருந்தது. கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சத்தத்தில் அப்பா தலையைக் குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஓட்டெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை கைகள். தூணோரம் அப்பாவின் கையும் எழுந்தது. அவர் கை தூக்கி நான் அதுவரை பார்த்ததில்லை. இறக்கச் சொன்னபிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

சிறந்த பேச்சாளர் என்று எனக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போது அதை அப்பாவே வாங்கி வைத்துக்கொண்டார். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர், அன்று வழிநெடுகப் பேசினார். "பேச்சுன்னா இதுடா பேச்சு. அம்புட்டும் நெசம். நானும் ரொம்ப நாளா மனசுல போட்டு உழப்பிட்டுக் கெடந்தேன். நீ தெளிய வச்சிட்டே." பாத்திர வியாபாரி, "மாப்ள பெரிய வக்கீலா வருவாருண்ணே" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்பா, அது சீட்டில் விழுந்த பக்கம், என் பேச்சில்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மணியே தேவையில்லை. ஆனால் அப்பாவின் தோளும் என் தோளும் உரசிக்கொண்டு நடந்த முதல் நாள் அது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வழியில் அவர் அல்வா வாங்கினார். வீட்டில் தங்கை அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, "செருப்பு எடுபட்டுச்சாண்ணே?" என்று கிசுகிசுத்தாள். "கைதட்டு நிக்கலை" என்றேன். அவளுக்கு அப்படி ஒரு பெருமை. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

காலையில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கோப்பை அதற்குள் கடைக்குப் போய், 'ஒரே விலை' பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டிக்கொண்டிருந்தார். மாசி பிறந்ததும் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "பரீட்சை எழுதட்டும். அதோட போதும். பெரியவனே சபையில சொல்லிட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, இதை நீ சரிபண்ணிவிடுவாய் என்கிற பார்வை. நானும் கண்ணாலேயே சரி என்றேன். ரிசல்ட் வரட்டும், நல்ல மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுலபம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெறும் பயம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அவளுடைய பிற்காலத்தைப் பற்றிக் கேட்டால், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆவணியில் டி. கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தி வியாபாரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமான மனுஷர். நான் போனால் இன்றைக்கும் கோழியடித்துக் குழம்பு வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கண்ணே" என்பாள். ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். என்ன சொல்லி என்ன? அந்த ஆனி மாதத்து மத்தியானத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். சொல்லிவிடுகிறேன்.

ரிசல்ட் வந்தது. கல்லூரியில் சேரத் தகுதி பெற்றவர்கள் வரிசையில் அவளும் இருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்ததும் நான் எதிரே போய் நின்றேன். தங்கை அடுப்படி நிலைப்படியில் நின்றாள். அவருக்கு மோர் கொண்டுவந்த டம்ளரும் அதைக் கலக்கிய கரண்டியும் அவள் கையில் இருந்தன.

"அப்பா, இவளை இன்டர்மீடியட் சேத்து விடணும்" என்றேன்.

"நீதானடா வேண்டாம்னு சொன்னே?"

"அது சீட்டுல வந்தது. எந்தப் பக்கம் வந்தாலும் பேசணும். அது என் அபிப்பிராயம் இல்ல. தலைவரே முதல்ல சொல்லிருவாரு. நீங்க வர நேரமாயிருச்சு."

அப்பா ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. கஷ்டப்பட்டு ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற முகமாக இருந்தது.

"அப்ப அம்புட்டு சனத்துக்கு முன்னால நீ சொன்னது பொய்யா?"

"பொய்னு இல்லப்பா. அது ஒரு போட்டி."

"நான் கை தூக்கினேன்டா. உன் வார்த்தையை நம்பித் தூக்கினேன். போட்டிக்குன்னு ஒரு பேச்சு, வீட்டுக்குன்னு ஒரு பேச்சா? எனக்கு அந்த யாவாரம் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது, அதுதான் என்னைக் கொல்லுகிறது. "சரி, பொய்யின்னே வச்சுக்குவோம். நாளைக்கே நானே போயி இவளைச் சேத்துட்டு வாரேன். ஆனா பொய் சொல்லி வாங்கின சாமான் நம்ம கடையில இருக்கக் கூடாது. அந்தக் கோப்பையை எடுத்துட்டுப் போயி, நான் சொன்னது நெசமில்லன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டு வா. குடுக்குறியா? சொல்லு."

ஒரே ஒரு வார்த்தை. 'குடுக்கிறேன்.' அவ்வளவுதான் கேட்டார். அவள் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிரின்ஸிபால் அறைக்குக் கோப்பையோடு போய் நிற்பதை நினைத்தேன். சொற்போரில் பேசியது நெசமில்லை என்று பரிசைத் திருப்பிக் கொடுக்க வந்த கோமாளி என்று கல்லூரி முழுக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். கோப்பையை எடுத்தபின் கடையில் வெறுமையாகிவிடும் அந்த இடத்தை நினைத்தேன். தங்கையை நினைக்கவில்லை. அவள் பத்தடி தள்ளி நிற்கிறாள், அவளை நினைக்கவில்லை. ஐந்து நிமிடம் கொடுத்தால் ஊரையே திருப்புகிறவன், ஊஞ்சல் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா காத்திருந்தார். பொறுமையாகத்தான் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நிலைப்படியிலிருந்து சத்தம் வந்தது. டம்ளரில் கரண்டி படுகிற சத்தம். மெதுவாக, இரண்டு தரம்.

"மணி அடிச்சிருச்சுண்ணே" என்றாள். "உக்காரு."

நான் உட்கார்ந்தேன்.